மார்க்கீ பெயரில் ஓர் இசைத்தட்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் அலெக்சிஸ் கோர்னரின் ‘ப்ளூஸ் இன்கார்ப்பரேட்டட்’ குழு 1962-இல் வெளியிட்ட ‘ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) ஃப்ரம் தி மார்க்கீ’ என்ற இசைத்தட்டைப் பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வகையான ஐயங்களை எழுப்புவதால், அவற்றைச் சேர்த்து இந்த இதழ் முழுவதும் அந்த ஒரு தட்டுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: தட்டின் பெயரில் மார்க்கீ இருக்கிறது. ஆனால் அது மார்க்கீ அரங்கில் பதிவானதே இல்லை என்கிறார் என் நண்பர். எது உண்மை?

பதில்: நண்பர் சொல்வதுதான் உண்மை. லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் 165-ஆம் எண் கட்டடத்தில், அகாடமி திரையரங்கின் அடித்தளத்தில் இயங்கிய மார்க்கீ, 1958-இல் ஜாஸ் அரங்காகத் தொடங்கியது. அதன் உட்புறத்தைச் சர்க்கஸ் கூடாரம் போலப் பட்டை பட்டையாக அலங்கரித்தவர் புகைப்படக் கலைஞர் ஆங்கஸ் மெக்பீன். 1962 மே 3-ஆம் தேதி முதல் வியாழக்கிழமை இரவுகள் கோர்னர் குழுவுக்கு ஒதுக்கப்பட்டன. கூட்டம் வாரத்துக்கு வாரம் பெருகியதைப் பார்த்த டெக்கா நிறுவனம், ஜூன் 8-ஆம் தேதி, அதாவது ஒரு வியாழக்கிழமைக்கு மறுநாள், குழுவை வெஸ்ட் ஹாம்ப்ஸ்டெட்டில் இருந்த தன் ஸ்டூடியோவுக்கு அழைத்துப் பதிவு செய்தது. தயாரிப்பாளர் ஜாக் குட், அதற்கு முன் தொலைக்காட்சியில் ‘சிக்ஸ் ஃபைவ் ஸ்பெஷல்’, ‘ஓ பாய்!’ ஆகிய இளைஞர் இசை நிகழ்ச்சிகளால் பெயர் பெற்றவர். நவம்பர் மாதம் டெக்காவின் மலிவு விலைப் பிரிவான ‘ஏஸ் ஆஃப் கிளப்ஸ்’ அடையாளத்தில் தட்டு கடைக்கு வந்தது.

இதை மோசடி என்று சொல்லத் தோன்றவில்லை. குழுவின் பெயரைவிட இடத்தின் பெயர் இளைஞர்களுக்கு அதிகம் பழகியிருந்த நேரம் அது. வியாபாரி எதைத் தலைப்பில் போடுவார் என்பது தெரிந்ததுதானே. ஆனால் கேட்பவருக்கு இதனால் ஒரு விளைவு உண்டு. வியர்த்து நிற்கும் கூட்டத்தின் முன் வாசிக்கும்போது வரும் தாராளம் இந்தத் தட்டில் முழுமையாக இல்லை. பல பாடல்கள் சூடு பிடிக்கும் நேரத்தில் முடிந்துவிடுகின்றன. அரங்கத்துக் கச்சேரியை எதிர்பார்த்து இதைக் கேட்பவர்கள் முதல் முறை ஏமாறுவது இயல்பே.

கேள்வி: பின்னாளில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவால் புகழ் பெற்ற மிக் ஜாகரும் சார்லி வாட்ஸும் கோர்னர் குழுவில் இருந்தார்கள் என்று படித்திருக்கிறேன். இந்தத் தட்டில் அவர்கள் உண்டா?

பதில்: இல்லை. வாட்ஸ் குழுவின் தொடக்க காலத்து டிரம்ஸ் கலைஞர்களில் ஒருவர் என்றாலும், பதிவு நாளில் அந்த இடத்தில் அமர்ந்தவர் கிரஹாம் பர்பிட்ஜ். ஜாகர் மேடையில் அவ்வப்போது ஏறிப் பாடிய பலரில் ஒருவர், அவ்வளவே.

தட்டில் இருப்பவர்களைச் சொல்லிவிடுகிறோம். கிட்டார் கோர்னர், மவுத் ஆர்கனும் பெரும்பாலான பாட்டும் சிரில் டேவிஸ், டெனர் சாக்ஸஃபோன் டிக் ஹெக்ஸ்டால்-ஸ்மித், பியானோ கீத் ஸ்காட், பேஸ் ஸ்பைக் ஹீட்லி. மூன்று பாடல்களுக்குக் குரல் கொடுத்தவர் ஆறடி ஏழங்குல உயரத்தால் ‘லாங் ஜான்’ என்றே அழைக்கப்பட்ட ஜான் பால்ட்ரி. பின்னாளில் லண்டன் ஸ்டூடியோக்களில் அதிகம் தேடப்பட்ட கிட்டார் கலைஞரான பிக் ஜிம் சல்லிவன், இதில் கிட்டாரைத் தொடாமல் பின்குரல் மட்டும் கொடுத்திருப்பது ஒரு வேடிக்கை.

ஜாகரின் பெயர் இந்தக் கதையில் வருவதற்கு வேறொரு காரணம் உண்டு. 1962 ஜூலை 12, வியாழக்கிழமை, கோர்னர் குழுவுக்கு பிபிசி வானொலியின் ‘ஜாஸ் கிளப்’ நிகழ்ச்சியில் வாசிக்க வாய்ப்பு வந்தது. மார்க்கீ மேடை அன்றைக்குக் காலியாகிவிடுமே என்று பால்ட்ரியும், இன்னும் பெயர் எடுக்காத ஓர் இளைஞர் குழுவும் அங்கே வாசித்தார்கள். ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ், பிரையன் ஜோன்ஸ் ஆகியோர் அடங்கிய அந்தக் குழு ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ என்ற பெயரில் மேடையேறியது அதுவே முதல் முறை. தட்டு பதிவாகி அப்போது ஐந்து வாரம்கூட ஆகவில்லை.

கேள்வி: சிகாகோவில் பிறந்த மின்சார ப்ளூஸ், லண்டனில் வேர் பிடித்தது எப்படி? கோர்னருக்கு முன்பு அங்கே யாரும் இல்லையா?

பதில்: ப்ளூஸ் இருந்தது, மின்சாரம்தான் இல்லை. ஐம்பதுகளில் பிரிட்டிஷ் ரசிகர்கள் ப்ளூஸ் என்று போற்றியது, பெரும்பாலும் ஒற்றை ஆள் சாதாரண கிட்டாரோடு பாடும் நாட்டுப்புற வடிவத்தைத்தான். கோர்னரும் டேவிஸும் அந்த வழியில் வந்தவர்களே. கோர்னர் 1928-இல் பாரிஸில் பிறந்தவர். தந்தை ஆஸ்திரிய யூதர், தாய் கிரேக்கர். போர் மூண்ட பின் 1940-இல் குடும்பம் லண்டன் வந்து சேர்ந்தது. டேவிஸ் கார்களின் நசுங்கிய உடற்பகுதிகளைத் தட்டிச் சீர்செய்யும் தொழிலாளி. இருவரும் வார்டோர் தெருவில் ‘ரவுண்ட்ஹவுஸ்’ என்ற மதுக்கடையின் மாடியில் ‘லண்டன் ப்ளூஸ் அண்ட் பாரல்ஹவுஸ் கிளப்’ என்ற மன்றத்தை நடத்தினார்கள். அங்கே வாசித்த பாணியில் 1957-இல் வெறும் 99 பிரதிகள் கொண்ட ஒரு சிறு தட்டும் வெளியிட்டார்கள். அதில் டேவிஸ் பன்னிரண்டு தந்திக் கிட்டாரோடு அமெரிக்க நாட்டுப்புற ப்ளூஸ் பாடகர் லெட்பெல்லியின் வழியில் பாடுகிறார்.

1958 அக்டோபரில் டிராம்போன் கலைஞர் கிறிஸ் பார்பர், சிகாகோ ப்ளூஸ் பாடகர் மட்டி வாட்டர்ஸை பிரிட்டனுக்கு வரவழைத்தார். பியானோ கலைஞர் ஓட்டிஸ் ஸ்பானோடு வந்த வாட்டர்ஸ், ஆம்ப்ளிஃபையரில் இணைத்த மின்சார கிட்டாரை உரக்க வாசித்தார். நாட்டுப்புறப் பாடகரை எதிர்பார்த்து வந்த பலர் முகம் சுளித்தார்கள். பத்திரிகைகளும் அந்தச் சத்தத்தைக் குறை கூறின. கோர்னரும் டேவிஸும் முகம் சுளிக்காத சிலரில் அடங்குவர். அடுத்த சில ஆண்டுகளில் அவர்களும் ஒலிபெருக்கிக்கு மாறினார்கள். பழைய ரசிகர்களுக்கு அது பிடிக்கவில்லை. ரவுண்ட்ஹவுஸில் இடமும் இல்லாமல் போயிற்று.

எனவே அவர்களுக்குச் சொந்தமாக ஓர் இடம் தேவைப்பட்டது. 1962 மார்ச் 17, சனிக்கிழமை, லண்டனின் மேற்கே ஈலிங் பிராட்வே ரயில் நிலையத்துக்கு எதிரே, ஒரு தேநீர்க் கடைக்குக் கீழே உள்ள அடித்தள அறையில் முதல் இரவு நடந்தது. அந்த அறையின் கூரையில் ஒரு பகுதி, மேலே நடைபாதையில் பதித்த தடித்த கண்ணாடி. உள்ளே கூட்டம் சேரச் சேர மூச்சுக்காற்றின் ஈரம் கண்ணாடியில் படிந்து, மேடை மீது சொட்டியது. ஒலிபெருக்கியும் மின்கம்பியும் கிடக்கும் இடத்தில் தண்ணீர் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மேடைக்கு மேலே ஒரு துணியைக் கட்டித் தண்ணீரைத் தாங்கிக்கொண்டுதான் வாசித்தார்கள். ஏற்கெனவே நண்பர்களாக இருந்த ஜாகரும் ரிச்சர்ட்ஸும் ஜோன்ஸைச் சந்தித்தது இங்கேதான். மார்க்கீ இதற்கு ஏழு வாரம் பிந்தியது. தட்டின் தலைப்பில் ஈலிங்கின் பெயர் இல்லாதது ஒரு குறையே என்பது எங்கள் எண்ணம்.

கேள்வி: தட்டைக் கேட்டேன். மட்டி வாட்டர்ஸின் பாடல்களை வெள்ளைக்காரர்கள் திரும்பப் பாடியதைத் தவிர இதில் என்ன இருக்கிறது? அசல் இருக்கும்போது நகல் எதற்கு?

பதில்: கோபம் நியாயமானது, பாதி சரியும்கூட. உங்கள் ஐயத்துக்கு வலுச் சேர்க்கும் ஒரு தகவலையும் நாங்களே தருகிறோம். டேவிஸ் இத்தட்டில் பாடும் ஐந்து பாடல்களில் ‘ஐ காட் மை பிராண்ட் ஆன் யூ’, ‘டைகர் இன் யுவர் டாங்க்’, ‘மோஜோ வொர்க்கிங்’, ‘ஹூச்சி கூச்சி’ ஆகிய நான்கும், வாட்டர்ஸ் 1960 ஜூலையில் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் பாடிப் பதிவான ஒரே இசைத்தட்டில் இருப்பவை. அந்தத் தட்டுதான் இவர்களுக்குப் பாடநூல் என்று இதிலிருந்து ஊகிக்கலாம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், வாட்டர்ஸின் ‘ஹூச்சி கூச்சி’யில் இருக்கும் அதிகாரம் டேவிஸின் குரலில் இல்லை என்பது உடனே தெரியும். அந்த இடத்தில் டேவிஸ் முறைப்பாகப் பாடுகிறார், அவ்வளவுதான். பால்ட்ரி பாடும் ‘ஹவ் லாங், ஹவ் லாங்’, லீராய் கார் 1928-இல் பதிவு செய்த பாட்டு. நல்ல குரல்தான், ஆனால் துயரத்தைவிட நாகரிகம் மிஞ்சி நிற்கிறது.

நகலை விட்டுவிட்டு, அசலில் இல்லாதது எது என்று தேடினால் விடை வேறாகிறது. வாட்டர்ஸின் நியூபோர்ட் குழுவில் சாக்ஸஃபோன் இல்லை. இங்கே ஹெக்ஸ்டால்-ஸ்மித் வாசிப்பது நவீன ஜாஸ் பயின்றவரின் சாக்ஸ். டேவிஸ் ஒரு வரியைப் பாடி முடித்ததும் சிகாகோவில் மவுத் ஆர்கனோ கிட்டாரோ பதில் சொல்லும்; இங்கே சாக்ஸும் மவுத் ஆர்கனும் ஒரே இடைவெளிக்குள் நுழையப் பார்க்கின்றன. சில இடங்களில் இரண்டும் இழைகின்றன, சில இடங்களில் ஒன்றையொன்று முட்டுகின்றன. அந்த முட்டல் எந்த அமெரிக்கத் தட்டிலிருந்தும் எடுத்தது ஆகாது. பாட்டே இல்லாத நான்கு வாத்திய உருப்படிகளை, குறிப்பாக முதல் உருப்படியான ‘காட்டா மூவ்’, இரண்டாம் பக்கத்தில் வரும் ‘ஃபிங்கிள்ஸ் கஃபே’ ஆகியவற்றை, இந்த நோக்கில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ‘மோஜோ’வை மட்டும் நகல் என்று தள்ள எங்களுக்கு மனம் வரவில்லை. மற்ற பாடல்களில் தயங்கும் குழு, அதில் முதல் அடியிலேயே ஓடத் தொடங்கிவிடுகிறது.

கேள்வி: சிரில் டேவிஸின் மவுத் ஆர்கன் அழுவது போலவும் உறுமுவது போலவும் கேட்கிறது. என்னிடமும் மவுத் ஆர்கன் உண்டு. அதில் திரைப்பாட்டு வருகிறது, இந்த ஒலி மட்டும் வரவில்லை. ஏன்?

பதில்: உங்களிடம் இருப்பது மேலும் கீழுமாக இரட்டை வரிசைத் துளைகள் கொண்ட டிரெமோலோ வகையாக இருக்கக்கூடும். ஒரே சுரத்துக்கு இரண்டு நாக்குகள் (காற்றில் அதிரும் உலோகத் தகடுகள்) சற்றே வேறுபட்ட சுருதியில் சேர்ந்து அதிர்வதால் அதில் ஒலி அலைபாயும். மெட்டுக்கு இனிமை, ப்ளூஸுக்கு உதவாது. ப்ளூஸ் கலைஞர்கள் கையாள்வது பத்தே துளைகள் கொண்ட சிறிய வகை. ஹோனர் நிறுவனத்தின் அத்தகைய கருவி அன்றைய பிரிட்டனில் ‘எக்கோ சூப்பர் வாம்ப்பர்’ என்ற பெயரில் விற்றது.

கருவி சரியாக இருந்தாலும் முறை மாற வேண்டும். சி சுருதியில் அமைந்த மவுத் ஆர்கனை எல்லோரும் சி சுருதியில்தான் வாசிப்பார்கள். ஊதும் காற்றுக்கு அங்கே முதலிடம். ப்ளூஸ் கலைஞர் அதே கருவியில் ஜி சுருதிப் பாட்டை வாசிக்கிறார். அப்போது இரண்டாம் துளையை உறிஞ்சினால் வரும் ஜி ஆதாரமாகிறது. முதல் ஐந்து துளைகளையும் உறிஞ்சக் கிடைக்கும் சுரங்கள் ப்ளூஸுக்கு வேண்டிய ஜி-ஏழு கார்டை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டத்தை, தாமே தந்துவிடுகின்றன. பாட்டின் எடை ஊதுவதிலிருந்து உறிஞ்சுவதற்கு மாறுகிறது. உறிஞ்சும் நாக்கின் ஒலியைத்தான் வாயால் வளைக்க முடியும் என்பது இதில் முக்கியம், குறைந்தபட்சம் கீழ்த் துளைகளில். மூன்றாம் துளையை உறிஞ்சியபடியே அடிநாக்கைப் பின்னுக்கு இழுத்து வாயின் உள்வெளியை மாற்றினால், பி சுரம் நழுவி பி-ஃப்ளாட்டுக்கு இறங்கும். இன்னும் இழுத்தால் அதற்கும் கீழே போகும். அதே துளையில் ஊதுவதற்காக வைத்திருக்கும் மற்றொரு நாக்கும் அப்போது அதிரத் தொடங்குவதுதான் இதன் சூட்சுமம். சுரத்திலிருந்து சுரத்துக்குத் தாவாமல் வழுக்கி இறங்கும் அந்த அசைவு, நம் காதுக்குக் கமகம் பழகியிருப்பதால் அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.

டேவிஸ் இத்தனையும் ஆசிரியர் இல்லாமல், தட்டுகளைக் கேட்டுக் கேட்டே பிடித்தவர். அவருடைய வாசிப்பில் சிகாகோ மேதைகளின் நுணுக்கமான அலங்காரங்கள் குறைவு. மூச்சின் பலம் அதிகம். தாளத்தை முன்னே தள்ளிக்கொண்டு போகும் அந்த மூச்சால்தான், பெரும்பாலும் ஜாஸ் கலைஞர்களைக் கொண்ட ஒரு குழு ப்ளூஸ் குழுவாக ஒலிக்கிறது.

கேள்வி: இவ்வளவு நன்றாக வாசித்த கோர்னரும் டேவிஸும் ஏன் பிரிந்தார்கள்? பணத் தகராறா?

பதில்: பணத்தைப் பற்றிய பேச்சு பெரிதாக இல்லை. கருத்து வேறுபாடுதான், அதுவும் ஒலியைப் பற்றியது. கோர்னருக்கு ப்ளூஸ் ஒரு வாசல். அதன் வழியாக ஜாஸுக்குள் எவ்வளவு தொலைவு போக முடியும் என்று பார்க்க விரும்பினார். சாக்ஸ் ஒன்று போதாது, இன்னும் வரட்டும் என்பது அவர் மனநிலை. டேவிஸுக்கு அந்த ஒரு சாக்ஸே அதிகம். சிகாகோவில் எப்படியோ இங்கும் அப்படியே இருக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதக்காரர். மேலே நாங்கள் ‘முட்டல்’ என்று குறிப்பிட்டது இந்தச் சண்டையின் ஒலி வடிவம்தான். பாடல்களில் டேவிஸ் ஆட்சி, வாத்திய உருப்படிகளில் கோர்னரும் ஹெக்ஸ்டால்-ஸ்மித்தும் என்று ஒரே தட்டுக்குள் இரண்டு குழுக்கள் ஏறக்குறைய தனித்தனியே குடித்தனம் நடத்துகின்றன. இந்தத் தட்டை நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதற்காகத்தான். அதன் சிறப்பு ஒற்றுமையில் இருப்பதாக எழுதும் விமர்சனங்களோடு எங்களால் உடன்பட முடியவில்லை.

ஆண்டு முடிவதற்குள், தட்டு கடைக்கு வந்த அதே காலத்தை ஒட்டி, டேவிஸ் விலகினார். அவர் தொடங்கிய ‘ஆர் அண்ட் பி ஆல் ஸ்டார்ஸ்’ குழுவில் சாக்ஸுக்கு இடமில்லை. ஸ்கிரீமிங் லார்ட் சட்ச் என்ற ராக் பாடகரின் பக்கத்திலிருந்து பியானோ கலைஞர் நிக்கி ஹாப்கின்ஸ், டிரம்ஸ் கலைஞர் கார்லோ லிட்டில் போன்றோரைச் சேர்த்துக்கொண்டார். கோர்னரோ எதிர்த் திசையில் போனார்: ஆல்டோ சாக்ஸ் வாசித்த கிரஹாம் பாண்ட் வந்தார், பேஸில் ஜாக் புரூஸும் டிரம்ஸில் ஜின்ஜர் பேக்கரும் அமர்ந்தார்கள். 1963 தொடக்கத்தில் பாண்ட் அந்த இருவரையும் அழைத்துக்கொண்டு தனிக்குழு கண்டார். இடம் விட்டுக்கொடுத்த வாட்ஸ் ரோலிங் ஸ்டோன்ஸில் சேர்ந்தார். புரூஸும் பேக்கரும் 1966-இல் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனோடு ‘க்ரீம்’ குழுவை அமைத்தது பலருக்கும் தெரிந்த கதை.

டேவிஸுக்குக் காலம் கிடைக்கவில்லை. 1964 ஜனவரி 7-ஆம் தேதி, 31 வயதில், அவர் இறந்துபோனார்.

கேள்வி: இதுதான் பிரிட்டனின் முதல் ரிதம் அண்ட் ப்ளூஸ் தட்டு என்று சொல்லலாமா?

பதில்: மின்சார ப்ளூஸ் வாசிக்கும் பிரிட்டிஷ் குழு ஒன்றின் முதல் முழு நீளத் தட்டு என்று வழக்கமாகச் சொல்வார்கள், அதை மறுக்க எங்களுக்குக் காரணம் இல்லை. மேலே சொன்ன 99 பிரதித் தட்டு காலத்தால் முந்தியது என்றாலும், இசையால் வேறு.

கேள்வி: இதற்கு அடுத்து எதைக் கேட்கலாம்? உண்மையிலேயே மார்க்கீயில் பதிவான தட்டு ஏதும் உண்டா?

பதில்: முதலில் வாட்டர்ஸின் நியூபோர்ட் பதிவு. அதைக் கேட்காமல் இந்தத் தட்டை எடைபோடுவது முறையாகாது. அடுத்து, டேவிஸ் பிரிந்து சென்றபின் 1963-இல் வெளியிட்ட ‘கன்ட்ரி லைன் ஸ்பெஷல்’ என்ற வாத்திய உருப்படி. சாக்ஸின் குறுக்கீடு இல்லாமல், ஹாப்கின்ஸின் பியானோவும் லிட்டிலின் டிரம்ஸும் பின்னிருந்து தள்ள, தான் விரும்பிய ஒலி எது என்பதை அவர் அதில் காட்டிவிடுகிறார். கோர்னரின் வழி எங்கே போய்ச் சேர்ந்தது என்று அறிய, கிரஹாம் பாண்ட் குழுவின் 1965-ஆம் ஆண்டுத் தட்டான ‘தி சவுண்ட் ஆஃப் 65’ ஏற்றது. ஹெக்ஸ்டால்-ஸ்மித்தும் அதில் உண்டு. சாக்ஸுக்கு அங்கே யாரும் தடை சொல்லவில்லை.

மார்க்கீ மேடையிலேயே பதிவானது வேண்டுமானால், எரிக் கிளாப்டன் இருந்த காலத்து யார்ட்பேர்ட்ஸ் குழுவின் ‘ஃபைவ் லைவ் யார்ட்பேர்ட்ஸ்’ இருக்கிறது. 1964 மார்ச்சில் பதிவாகி, அந்த ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. ஒலித்தரம் சுமார்தான், குரல் பல இடங்களில் அமுங்கிப் போகிறது. ஆனாலும் கூட்டத்தின் முன் ஒரு குழு பாட்டை எப்படி நீட்டி, ஏற்றி, இறக்கி வாசித்தது என்பதை அதில் கேட்கலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அதற்குள் மார்க்கீ ஆக்ஸ்ஃபோர்டு தெருவிலிருந்து வார்டோர் தெருவில் 90-ஆம் எண்ணுக்குக் குடிபெயர்ந்திருந்தது. ஆகையால் கோர்னர் குழு வியாழக்கிழமைகளில் வாசித்த அந்தப் பட்டைக் கூடாரத்தின் ஒலி அதிலும் கிடைக்காது.